பன்றித் தீவனத்தில் பூஞ்சை நச்சு: சினை நிற்காத பன்றியை விற்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

வெண்பன்றிப் பண்ணையில் இனப்பெருக்கம் தடுமாறினால் முதல் பழி பன்றியின் மேல்தான் விழுகிறது. இரண்டு முறை இணை சேர்த்தும் சினை நிற்கவில்லை என்றால் "மலடு" என்று முடிவு கட்டி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த பன்றியும் அதே மூட்டையிலிருந்து தின்கிறது. அதுவும் சினை நிற்பதில்லை. தீவன மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது கடைசி வேலையாகிவிடுகிறது. அதை முதல் வேலையாக்க வேண்டும் என்பதற்காகவே, பண்ணையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இரண்டரை மாதப் பெண் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் பருவத்திற்கு வருமா?

வராது. யார்க்‌ஷயர் போன்ற இனங்களில் ஐந்து மாதத்திற்கு முன் பருவம் வருவது அரிது. உண்மையான பருவம் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஒரு கொட்டிலில் உள்ள எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே நாளில் வரவும் வராது. உங்கள் கொட்டிலில் பத்துக் குட்டிகளில் ஏழெட்டுக்கு ஒரே சமயத்தில் வீக்கம் வந்து, வாரம் கடந்தும் வற்றாமல் இருந்தால், தீவனத்தில் ஜியரலெனோன் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதே கொட்டிலில் உள்ள ஆண் குட்டிகளைப் புரட்டிப் பாருங்கள். அவற்றின் முலைக்காம்புகளும் தடித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பாதிப்பு முற்றினால் குட்டிகள் ஓயாமல் முக்கும். யோனியோ மலக்குடலோ வெளியே தள்ளிவிடும். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று குட்டிகளுக்கு அடிதள்ளல் வந்தால் அது தற்செயலாக இருக்காது.

இது புதிய நோயும் அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்ற பன்றிகளுக்கு இதே வீக்கம் வந்ததை 1928-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். காரணமான பொருளைப் பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்க 1962 வரை ஆயிற்று.

பூஞ்சையிலிருந்து வரும் பொருள் கருப்பையை ஏன் தாக்குகிறது?

ஜியரலெனோனை உண்டாக்குவது ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. அந்த நச்சின் மூலக்கூறு, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் உடலில் எங்கே போய் ஒட்டுமோ அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் வந்துவிட்டதாக எண்ணிக் கருப்பையும் யோனியும் மடியும் வேலை செய்யத் தொடங்குகின்றன. ரத்தம் பாய்கிறது, திசு தடிக்கிறது, நீர் கோக்கிறது.

இந்த நச்சிலிருந்து செயற்கையாகத் தயாரித்த ஜெரனால் என்ற பொருளை, மாடுகளைச் சீக்கிரம் எடை ஏற்றும் ஹார்மோனாகவே அமெரிக்காவில் பயன்படுத்தி வருகிறார்கள். ஆகவே "ஹார்மோன் போல" என்று சொல்வது மிகையல்ல.

இதே லோடு மக்காச்சோளத்தைத்தான் கோழிப் பண்ணைகளும் வாங்குகின்றன. அங்கே ஒரு புகாரும் இல்லை என்கிறார் வியாபாரி. அப்படியானால் சரக்கு நல்லதுதானே?

வியாபாரி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்துப் பன்றிக்கும் நல்லது என்று முடிவு செய்யக் கூடாது.

உடலுக்குள் போன ஜியரலெனோனைக் கல்லீரல் வேறு பொருளாக மாற்றுகிறது. கோழியின் கல்லீரலில் அது பெரும்பாலும் வீரியம் குறைந்த வடிவமாகிறது. பன்றியின் கல்லீரலிலோ ஆல்ஃபா ஜியரலெனால் என்ற வடிவமாகிறது. இது மூல நச்சைவிடப் பல மடங்கு வீரியம் உள்ளது. அதோடு, பித்தநீர் வழியாகக் குடலுக்கு வரும் நச்சைப் பன்றியின் குடல் மறுபடி உறிஞ்சி ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. ஒருமுறை தின்றது உடலுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பண்ணை விலங்குகளில் ஜியரலெனோனால் அதிகம் பாதிக்கப்படுவது பன்றிதான். அதிலும் பருவமடையாத பெண் குட்டிகள்.

இணை சேர்த்த பன்றி 21-ஆம் நாள் பருவத்திற்கு வரவில்லை. சினை என்று நம்பி 114 நாளும் காத்திருந்தேன். ஈனவே இல்லை. என்ன நடந்தது?

பொய்ச் சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். பணத்தைக் கரைப்பதில் இதற்கு ஈடான தொல்லை வேறில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சினைமுட்டை வெளியான இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திரட்சி உண்டாகும். சினையைத் தாங்கும் ஹார்மோனைச் சுரப்பது அதுதான். பன்றி சினையாகவில்லை என்றால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை ரத்தத்தில் விடும், திரட்சி கரையும், 21 நாளில் பன்றி மறுபடி பருவத்திற்கு வரும். சினையாகியிருந்தால், 11, 12-ஆம் நாள் வாக்கில் வயிற்றில் இருக்கும் கருக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து "நாங்கள் இருக்கிறோம்" என்று தாயின் உடலுக்குத் தெரிவிக்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் ரத்தத்தில் சேராமல் தடைபடுகிறது; திரட்சி கரையாமல் நிற்கிறது. பன்றியைப் பொறுத்தவரை, சினையை அறிவிக்கும் செய்தியே ஈஸ்ட்ரோஜன்தான்.

இந்த நாட்களில் தீவனம் வழியாக ஜியரலெனோன் போனால் என்ன ஆகும்? வயிற்றில் ஒரு கருவும் இல்லாமலேயே அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. திரட்சி கரைவதில்லை, பருவமும் வருவதில்லை. மடிகூட லேசாகத் திரளலாம். பன்றி சினை என்றே நீங்கள் நம்புவீர்கள். பருவச் சுழற்சியின் நடுவில் கிலோவுக்கு 3 முதல் 10 மில்லிகிராம் வரை நச்சுள்ள தீவனம் தின்ற பன்றிகளில் இந்த நிலை ஏற்படும்.

ஆகவே 21-ஆம் நாள் பருவம் வராததைச் சினைக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 28 முதல் 35 நாளுக்குள் ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். வெறும் வயிறு என்று அன்றே தெரிந்தால், அடுத்த 80 நாள் தீவனச் செலவு மிச்சம்.

சினையான பிறகு நச்சுத் தீவனம் தின்றால் குட்டி வீசிவிடுமா (கரு கலைந்துவிடுமா)?

ஜியரலெனோனால் முற்றிய சினையில் குட்டி வீசுவது வழக்கமில்லை. மேலே சொன்ன திரட்சியை அது காப்பாற்றவே செய்கிறது என்பதுதான் காரணம். இணை சேர்ந்த பின் 7-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரை உள்ள காலமே ஆபத்தானது. கருக்கள் கருப்பையில் ஒட்டும் முன்னரே அழிந்துவிடும். எல்லாம் அழிந்தால் மேலே சொன்ன பொய்ச் சினை. சில தப்பினால் ஈற்றுக்கு நான்கைந்து குட்டிகள். வழக்கமாகப் பத்துக் குட்டி போடும் பன்றிகள் வரிசையாக நான்கு, ஐந்து என்று போட்டால், அவை இணை சேர்ந்த வாரத்தில் எந்த மூட்டை ஓடியது என்று பாருங்கள்.

முற்றிய சினையில் பல பன்றிகள் குட்டி வீசினாலோ, உலர்ந்து கறுத்த குட்டிகள் வெளியே வந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ நச்சு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. பார்வோ வைரஸ், லெப்டோஸ்பைரா, புரூசெல்லா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், பன்றிக் காய்ச்சல், பிஆர்ஆர்எஸ் (இனப்பெருக்கத்தையும் மூச்சையும் கெடுக்கும் வைரஸ் நோய்) எல்லாமே இந்த அறிகுறிகளைக் காட்டும். பிஆர்ஆர்எஸ் இந்தியாவில் முதலில் மிசோரமில் 2013-இல் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக நுழைந்தது. கால்நடை மருத்துவரை அழைத்து ரத்தம், வீசிய குட்டி இரண்டையும் சோதனைக்கு அனுப்புங்கள். புரூசெல்லாவும் லெப்டோஸ்பைராவும் மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஆண் பன்றிக்கும் பாதிப்பு உண்டா?

வளரும் ஆண் பன்றிக்கு உண்டு. விதை சிறுத்துவிடும், முலைக்காம்பு தடிக்கும், இணை சேரும் வேட்கை குறையும். நன்றாக முதிர்ந்த ஆண் பன்றி பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. எனவே பொலிக்கென்று தேர்ந்தெடுத்து வளர்க்கும் இளம் ஆணுக்குப் பழைய தீவனத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

பிறந்த குட்டிகளிலேயே வீக்கம் தெரிகிறது. குட்டி இன்னும் தீவனத்தையே தொடவில்லையே?

தாய் தின்றதுதான். நச்சு கருவிலேயே குட்டிக்குப் போகிறது, பாலிலும் வருகிறது. பெண் குட்டிகளின் பிறப்புறுப்பு வீங்கியும் முலைக்காம்புகள் சிவந்தும் இருக்கும். சில ஈற்றுகளில் பின்னங்கால்கள் பரப்பிக்கொண்டு நிற்க முடியாத குட்டிகளும் சேர்ந்தே காணப்படுகின்றன. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. வீக்கம் மட்டும் உள்ள குட்டிகளுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. தாயின் தீவனத்தை மாற்றினால் போதும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டு அளவு: குட்டிகளுக்கும் இளம் பெண் பன்றிகளுக்கும் கிலோ தீவனத்தில் 0.1 மில்லிகிராம் ஜியரலெனோன். தாய்ப்பன்றிகளுக்கும் இறைச்சிக்கு வளர்ப்பவற்றுக்கும் 0.25 மில்லிகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே இளம் பன்றிகளில் வீக்கம் தெளிவாகத் தெரியத் தொடங்கும்.

ஆய்வறிக்கையைப் படிக்கும்போது அலகைக் கவனியுங்கள். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதுவே 1000 பிபிபி (பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு). "250" என்று அறிக்கையில் இருந்தால் அது எந்த அலகு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். இன்னொன்று: மக்காச்சோளத்தில் உள்ள அளவு வேறு, கலந்த தீவனத்தில் உள்ள அளவு வேறு. தீவனத்தில் பாதி மக்காச்சோளம் என்றால், மற்ற பொருள்கள் சுத்தமாக இருக்கும் பட்சத்தில் அளவும் பாதியாகும்.

நம் வெயிலுக்கு இந்தப் பூஞ்சை வளருமா?

நியாயமான கேள்வி. ஜியரலெனோனை அதிகம் உண்டாக்கும் ஃபியூசேரியம், குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தை விரும்பும். வயலில் கதிரிலேயே பிடித்துவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் கிடங்கில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையும் அது உண்டாக்கும் அஃப்லடாக்சின் என்ற நச்சும்தான் பெரிய தொல்லை. ஆனால் நாம் வாங்கும் மக்காச்சோளம் எல்லாம் பெரம்பலூரிலும் அரியலூரிலும் விளைந்ததல்ல. வெளிமாநிலங்களிலிருந்தும் லாரி லாரியாக வருகிறது. உள்ளூரிலும் புரட்டாசியில் விதைத்துத் தையில் அறுக்கும் பயிர், முதிரும் நேரத்தில் மழையில் சிக்கினால் கதிர் நுனியிலிருந்து இளஞ்சிவப்பாகப் பூசணம் இறங்கும். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்ததே, அதுபோன்ற மழைக்குப் பின் வாங்கும் சரக்கில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வடகிழக்கு மலை மாநிலங்களில் பன்றி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை ஆண்டு முழுவதும் உண்டு.

மற்ற பூஞ்சை நச்சுகள் இனப்பெருக்கத்தைத் தொடுவதில்லையா?

நேரடியாகக் குறைவு, சுற்றி வளைத்து நிறைய.

வாந்தி நச்சு எனப்படும் டிஆக்ஸிநிவலெனால், ஜியரலெனோனை உண்டாக்கும் அதே பூஞ்சையிலிருந்து வருவதால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். 1 பிபிஎம் அளவிலேயே பன்றி தீவனத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். பால் கொடுக்கும் தாய் சரியாகத் தின்னாவிட்டால் உடல் வற்றும். பால் மறக்கடித்த பின் பருவம் தள்ளிப்போகும். ஃபியுமோனிசின் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். அதில் பிழைத்த சினைப் பன்றிகள் சில நாளில் குட்டி வீசலாம். அஃப்லடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும், பாலில் இறங்கிக் குட்டிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். கடலைப் பிண்ணாக்கு வாங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்து, அஃப்லடாக்சின் கண்டறியப்படக் காரணமானதே பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான்.

நம் ஊரில் பலரும் எண்ணிப் பார்க்காதது கம்பும் சோளமும். தேன் ஒழுகல் நோய் தாக்கிய கதிரில் தானியத்துக்குப் பதிலாகக் கருமையான எர்காட் முடிச்சுகள் நிற்கும். அவற்றிலுள்ள நச்சு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை அடக்கிவிடுகிறது. ஈனும் நாள் வந்தும் மடி திரளாது. பிறந்த குட்டிகள் நன்றாக இருக்கும், ஆனால் பாலில்லாமல் பட்டினியால் சாகும். எர்காட் கலந்த கம்பு தின்ற பன்றிகளுக்குப் பால் வற்றியதை இன்றைய ஜிம்பாப்வேயில் 1959-இல் பதிவு செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1996-இல் சோள எர்காட் பரவியபோதும் அதுவே நடந்தது. கழிவுக் கம்பு மலிவாகக் கிடைக்கிறது என்று சினைப் பன்றிக்குக் கொடுப்பவர்கள், ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பிக் கருமுடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வேகவைத்துக் கொடுத்தால் நச்சு போய்விடுமா?

போகாது. கொதிக்கும் நீர் பூஞ்சையைக் கொல்லும். அது ஏற்கெனவே விட்டுவைத்த நச்சைத் தொடாது. ஜியரலெனோன் 150 டிகிரி வெப்பத்தையும் தாங்கும். உணவக மிச்சத்தை வேகவைப்பது கிருமிகளுக்காகக் கட்டாயம் செய்ய வேண்டியதுதான். ஆனால் பூசணம் பூத்த ரொட்டியையும் பழைய சோற்றையும் அண்டாவில் போட்டு வேகவைத்தால், பூசணம் கண்ணிலிருந்து மறையும், அவ்வளவே. வெயிலில் காயவைப்பதும் அப்படித்தான்: பூஞ்சை மேலும் வளர்வதைத் தடுக்கும், இருக்கும் நச்சை எடுக்காது.

மக்காச்சோளம் பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. இருந்தும் நச்சு இருக்குமா?

இருக்கும். பூஞ்சை செத்து உதிர்ந்த பிறகும் நச்சு தானியத்தில் தங்கிவிடும். எதிர்மாறாக, பூசணம் கண்ணுக்குத் தெரிந்தும் நச்சு இல்லாமல் இருப்பதும் உண்டு. உடைந்த மணிகளிலும் தூசியிலும்தான் நச்சு அதிகம் சேர்கிறது; சல்லடையில் சலித்து அவற்றை ஒதுக்குவதே பெரிய லாபம். சலித்த தூசியை "வீணாகிறதே" என்று குட்டிகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்த பின் மிஞ்சும் டிடிஜிஎஸ் என்ற சக்கையில் கூடுதல் கவனம் வேண்டும். மாவுச்சத்து போய்விடுவதால், மூலச் சரக்கில் இருந்த நச்சு சுமார் மூன்று மடங்கு செறிவாகிவிடுகிறது. தரையில் பரப்பிக் காயவைத்த மரவள்ளித் திப்பி, இரண்டு நாள் குவித்து வைத்த பீர் ஆலைச் சக்கை இரண்டும் பூசணத்திற்கு நல்ல விளைநிலம்.

சோதனைக்கு எப்படி அனுப்புவது?

ஒரு மூட்டையின் மேல்வாயிலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்பினால் அந்தச் சோதனையால் பயனில்லை. நச்சு சீராகப் பரவியிருக்காது. ஒரு மூலையில் கட்டியாக இருக்கும், மற்ற இடம் சுத்தமாக இருக்கும். குத்தூசியால் பல மூட்டைகளில், மேற்புறத்திலும் நடுவிலும் அடியிலும் குத்தி எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி நன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ அளவு எடுத்து, காகித உறையிலோ துணிப்பையிலோ அனுப்புங்கள். ஈரமான சரக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே பூசணம் கூடும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கால்நடைத் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. எங்கே அனுப்பினாலும் ஜியரலெனோன் சோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "பூஞ்சை நச்சு" என்றால் அஃப்லடாக்சினை மட்டும் பார்த்து, இல்லை என்று அறிக்கை வரக்கூடும். நீங்களும் தீவனம் நல்லது என்று நம்பிவிடுவீர்கள்.

டாக்சின் பைண்டர் கலந்துதான் கொடுக்கிறேன். பிறகும் ஏன் வீக்கம்?

பைண்டர் என்பது நச்சைக் குடலிலேயே பிடித்துவைக்கத் தீவனத்தில் கலக்கும் பொடி. பெரும்பாலான பைண்டர்கள் களிமண் வகை. பெண்டோனைட் போன்றவை அஃப்லடாக்சினை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஜியரலெனோனிடம் அவற்றின் பிடி மிகக் குறைவு, வாந்தி நச்சிடம் ஏறக்குறைய இல்லை. ஈஸ்ட் செல்சுவர் கலந்தவை ஓரளவு உதவும். ஜியரலெனோனை உடைத்து வீரியம் இழக்கச் செய்யும் நொதிகளும் இப்போது வந்திருக்கின்றன. பாக்கெட்டில் எந்தெந்த நச்சுக்கு என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்து வாங்குங்கள். எதுவானாலும், கெட்ட சரக்கை நல்ல சரக்காக்கும் பொடி இல்லை.

பாதிப்பு தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது, எப்போது தேறும்?

அன்றே தீவனத்தை நிறுத்துங்கள். தொட்டி மூலையில் இறுகிப்போன மிச்சம், கலக்கும் இயந்திரத்தின் அடியில் ஒட்டியது எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிக் காயவைத்த பிறகே புதுச் சரக்கை இறக்குங்கள். இளம் பன்றிகளின் வீக்கம் ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும். முழுதும் வற்றச் சில வாரம் ஆகலாம். அவை பின்னாளில் நன்றாகவே சினை பிடிக்கும். பலமுறை ஈன்ற தாய்ப்பன்றி, தீவனம் மாற்றிய பிறகும் எட்டுப் பத்து வாரம் பருவம் காட்டாமல் இருக்கலாம். அவசரப்பட்டு விற்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பொய்ச் சினை உறுதியானால் கால்நடை மருத்துவர் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டுத் திரட்சியைக் கரைக்க முடியும். ஸ்கேன் செய்யாமல் இந்த ஊசியைப் போடக் கூடாது. உண்மையான சினையாக இருந்தால் கலைந்துவிடும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையால் தொடவே கூடாது.

பாதிக்கப்பட்ட பன்றியின் இறைச்சியைச் சாப்பிடலாமா?

ஜியரலெனோன் இறைச்சியில் தங்கும் அளவு மிகக் குறைவு. தீவனத்தை மாற்றிச் சில வாரம் கழித்து விற்பது நல்லது.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீட்டர் இல்லை. வேறு வழி?

உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டு, நன்கு உலர்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்தச் சரக்கை அடுக்கி வைக்கக் கூடாது. 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவையுங்கள். மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

வியாபாரி "என் சரக்கில் குறையில்லை, உங்கள் கிடங்கில்தான் கெட்டது" என்கிறார். எப்படி நிரூபிப்பது?

வீக்கம் தெரியும்போது அந்த லோடு பெரும்பாலும் தின்று தீர்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு லோடும் இறங்கும் அன்றே, அவர் ஆள் நிற்கும்போதே, மேலே சொன்னபடி இரண்டு மாதிரி எடுங்கள். சரக்கு உலர்ந்திருந்தால் கட்டி முத்திரையிட்டு, தேதியும் லாரி எண்ணும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்து மற்றதைக் குளிர்பெட்டியில் வையுங்கள். அந்த லோடு தின்ற காலத்தில் இணை சேர்ந்த பன்றிகள் ஈனும் வரை, அதாவது நான்கு மாதமாவது, அதை எறிய வேண்டாம். இணை சேர்த்த நோட்டில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்று ஓடிய லோடு எண்ணையும் எழுதிவிட்டால், எந்தச் சரக்கு எந்தப் பன்றிக்குப் போனது என்று காட்ட உங்களிடம் ஆதாரம் இருக்கும்.